விரல் பட்டால் நிற்கும் ரம்பத்தை இங்கே வாங்கலாமா?

விரல் பட்ட மறுகணமே நின்றுவிடும் டேபிள் சாவை, அதாவது மேசைக்கு மேல் பிளேடு நீட்டிக்கொண்டு சுழலும் மின்ரம்பத்தை, வெளிநாட்டிலிருந்து வரவழைக்கலாமா, கேட்கிற விலைக்கு அது தகுமா என்று வீட்டளவில் மரவேலை செய்யும் நண்பர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள். நான் தச்சனும் அல்லன், எந்திரம் படித்தவனும் அல்லன். பாளையங்கோட்டையில் தட்டச்சு, டிடிபி, பைண்டிங் என்று மாணவர்களின் ஆய்வேடுகளை நம்பிப் பிழைக்கிறவன். இருந்தும் கேள்வி என்னிடம் வருவதற்குக் காரணம், முழுதாக மடங்காத என் இடது கை ஆள்காட்டி விரலும், அந்த விரலுக்காகச் செலவழிந்த பணத்தை நான் ஒரு நோட்டில் வரிசையாக எழுதி வைத்திருப்பதும்தான். அந்த ரம்பத்தை வாங்கியே தீருவது என்று முடிவுகட்டி, விலை, வரி, மின்சாரம், உதிரிப்பாகம் என்று ஒவ்வொன்றாக விசாரித்து, கடைசியில் வாங்காமல் விட்டேன். அந்தக் கதையைச் சொன்னால் கேள்விக்கும் பதில் கிடைத்துவிடும்.

மரவேலை எனக்கு ஞாயிற்றுக்கிழமை வேலை. வீட்டின் பின்புறத்துச் சாய்ப்பில் கைவாள், இழைப்புளி, உளி ஆகியவற்றை வைத்துக்கொண்டு முக்காலி, சாமி பலகை, கோவில் திருவிழாவுக்குப் பந்தல்காரர்கள் கேட்கும் சின்னச் சட்டங்கள் என்று செய்துகொண்டிருந்தேன். மகளுக்குச் சுவர் அகலத்துக்குப் புத்தக அலமாரி செய்யலாம் என்று, மேலப்பாளையத்துப் பழைய மரக்கடையில், கல்லிடைக்குறிச்சியில் இடித்த வீடு ஒன்றின் தேக்குப் பலகைகளை வாங்கினேன். இரண்டு விரற்கடை கனமுள்ள பழந்தேக்கைக் கைவாளால் நீளவாக்கில் அறுப்பது முதுகை ஒடிக்கிற வேலை. ஆகவே உள்ளூர்ப் பட்டறையில் செய்த டேபிள் சா ஒன்றை 24,000 ரூபாய்க்கு வாங்கினேன். இரும்புச் சட்டம், ஒன்றரைக் குதிரைத்திறன் மோட்டார், பெல்ட், 10 அங்குல பிளேடு, மேலே ஒரு தகட்டு மேசை. பிளேடுக்கு மேல் மூடியும் இல்லை, பின்னால் தகடும் இல்லை. படங்களில் பார்த்த ஞாபகத்தில் அவற்றைப் பற்றிக் கேட்டேன். கடைக்காரர், "அது இருந்தா அறுக்கதுக்குத் தொந்தரவு அண்ணாச்சி, கொடுத்தாலும் எல்லாரும் கழட்டித்தான் போடுதாங்க" என்றார். பாதுகாப்பு என்பது விலை உயர்ந்த மெஷின்களில் மட்டும் வரும் ஓர் ஆடம்பரம் என்ற எண்ணத்தை அவர் அன்றைக்கு என் மனத்தில் விதைத்துவிட்டார். இந்த எண்ணம் எவ்வளவு தவறானது என்பதைச் சொல்வதற்குத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

பின்னால் இருக்க வேண்டிய அந்தத் தகட்டுக்கு ரைவிங் நைஃப் என்று பெயர். பெயரில் கத்தி இருந்தாலும் அது எதையும் வெட்டுவதில்லை. பிளேடின் பின்விளிம்பை ஒட்டி, அறுபட்ட இடைவெளிக்குள் நின்றுகொண்டு, மரத்தின் இரு பகுதிகளும் மறுபடியும் நெருங்கிப் பிளேடைக் கவ்வாமல் தடுக்கிறது. அவ்வளவுதான் அதன் வேலை. பிளேடின் முன்பக்கப் பற்கள் மரத்தை மேசையை நோக்கிக் கீழே அழுத்துகின்றன; பின்பக்கப் பற்களோ கீழிருந்து மேலே ஏறி வருகின்றன. மரம் பின்பக்கப் பற்களில் சிக்கினால், அவை அதைத் தூக்கி, அறுப்பவரை நோக்கியே எறிந்துவிடும். இதைத்தான் கிக்பேக் என்கிறார்கள். 10 அங்குல பிளேடு நிமிடத்துக்கு 4,000 சுற்று சுற்றினால் அதன் பல்லின் வேகம் மணிக்கு ஏறத்தாழ 190 கிலோமீட்டர். எறிகிற கை எவ்வளவு பலமானது என்பதற்கு இந்த எண்ணே போதும்.

எனக்கு நடந்ததும் அதுதான். ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. மனைவியும் மகளும் வீரவநல்லூருக்குப் போயிருந்தார்கள். வீட்டில் நான் மட்டும். நான்கடி நீளப் பலகையை நீளவாக்கில் அறுத்துக்கொண்டிருந்தேன். பாதிக்கு மேல் போன பிறகு மோட்டாரின் ஓசை தணிந்து, தேக்கு கருகும் வாடை வந்தது. பிளேடுக்குப் பின்னால் அதுவரை நேராகத் திறந்திருந்த அறுப்பு வாய், ஒரு நூல் (அரைக்கால் அங்குலம்) அகலத்திலிருந்து மயிரிழை அகலத்துக்கு மூடிக்கொண்டு வருவதைக் கண்ணால் பார்த்தேன். பழைய மரத்துக்குள் இறுக்கம் இருக்கும், அறுத்ததும் அது அவிழ்ந்து பலகை ஏதாவது ஒரு பக்கம் வளையும் என்பது கைவாளில் அறுத்த எனக்குத் தெரியும்; ஆனால் கைவாளில் வாள் இறுகி நின்றுவிடும், அவ்வளவுதான். இங்கே மோட்டார் நிற்கவில்லை. பலகை பின்னோக்கிப் பாய்ந்து என் வயிற்றின் வலப்பக்கத்தில் இடித்தது. பலகையை அழுத்திக்கொண்டிருந்த இடது கை, அடியில் பலகை இல்லாமற் போனதால், இருந்த விசையிலேயே பிளேடின் மேல் விழுந்தது. எது முதலில் நடந்தது என்று இப்போதும் என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. வலி உடனே வரவில்லை. ஆள்காட்டி விரலின் உள்ளங்கைப் பக்கம், நடுக்கணுவுக்கும் அடிக்கணுவுக்கும் இடையே, மரத்தில் விழுவதைப் போலவே பிளேடின் கனத்துக்கு ஒரு வாய் திறந்திருந்தது. அதன் ஓரத்தில் தேக்குத் தூள் ஒட்டியிருந்தது.

தோளில் கிடந்த துண்டைச் சுற்றி இறுக்கிப் பிடித்து, கையை நெஞ்சுக்கு மேல் தூக்கிக்கொண்டு, பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். அவர் ஆட்டோவை வரவழைத்தார். தனியாக மரவேலை செய்பவர்களுக்கு இங்கே ஒரு குறிப்பு: கைபேசி சட்டைப்பையில் இருக்க வேண்டுமே தவிர, சார்ஜுக்காக முன்னறையில் இருக்கக் கூடாது. காயத்தின் மேல் மஞ்சள், காப்பித்தூள், சுண்ணாம்பு எதையும் வைக்காமல் சுத்தமான துணியால் அழுத்திப் பிடிப்பதும், கையை உயர்த்தி வைப்பதும், மோதிரம் இருந்தால் வீக்கம் வருமுன் கழற்றுவதும் போதும். விரல் துண்டாகவே போய்விட்டால், துண்டை ஈரத்துணியில் சுற்றி, ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையைப் பனிக்கட்டி போட்ட தண்ணீரில் வைத்து எடுத்துப்போக வேண்டும். துண்டு நேரடியாகப் பனிக்கட்டியில் பட்டால் திசு கெட்டுவிடும்; பிறகு ஒட்ட வைக்க முடியாது.

முதலில் போன மருத்துவமனையில் தடுப்பூசி போட்டு, காயத்தைக் கழுவி, தோலைத் தைத்து அனுப்பிவிட்டார்கள். வயிற்றில் பட்ட அடியை நான் சொன்ன பிறகே ஸ்கேன் எடுத்தார்கள். உள்ளே ஒன்றும் இல்லை, பலகையின் விளிம்பு நீளத்துக்கு நீலக்கோடு மட்டும். ஒரு வாரம் கழித்துக் கட்டைப் பிரித்தபோதுதான் விரலின் நுனிக்கணு என் பேச்சைக் கேட்கவில்லை என்று தெரிந்தது. மற்ற விரல்கள் மடங்குகின்றன, இது மட்டும் குச்சியாக நிற்கிறது. வேறொரு மருத்துவமனையில் கை அறுவைச் சிகிச்சை நிபுணரிடம் காட்டினேன். மடக்கும் நாண் அறுந்திருக்கிறது, ஒரு பக்கத்து நரம்பும் அறுந்திருக்கிறது, இன்னும் தாமதித்திருந்தால் நாணின் மேல்முனை உள்ளங்கைக்குள் சுருங்கிப்போய் நேரடியாகத் தைக்க முடியாமலே போயிருக்கும் என்றார். யாராவது எனக்கு முன்பே சொல்லியிருக்கக் கூடாதா என்று நான் மிகவும் ஏங்கிய விஷயம் இதுதான். கையில் ஆழமான வெட்டு என்றால், தையல் போடுவதற்கு முன்பு, விரலின் ஒவ்வொரு கணுவையும் தனித்தனியே மடக்கச் சொல்லிப் பார்க்கும்படியும், விரலின் இரு பக்கமும் உணர்ச்சி இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கும்படியும் நாமே கேட்டுக்கொள்ள வேண்டும். மரத்துப்போகும் ஊசி போட்ட பிறகு உணர்ச்சியைச் சோதிக்க முடியாது. அதனால் ஊசிக்கு முன்பே கேட்க வேண்டும்.

நாணைத் தைத்தால் ஆறு வாரம் கையை ஸ்ப்ளிண்ட் என்கிற தாங்குகட்டைக்குள் வைத்திருக்க வேண்டும். அதற்குள்ளேயே பிசியோதெரபி நிபுணர் சொல்லும் அளவுக்கு மட்டும் அசைக்க வேண்டும். கனமான எதையும் தூக்க ஏறத்தாழ மூன்று மாதம் ஆகும். நரம்பு நாளொன்றுக்கு ஒரு மில்லிமீட்டர் என்ற கணக்கில்தான் வளர்ந்து வரும். இதெல்லாம் புத்தகக் கணக்கு. என் கணக்கு வேறு. தமிழ்99 விசைப்பலகையில் மெய்யெழுத்தின் புள்ளி இடது ஆள்காட்டி விரலில் விழுகிறது. புள்ளி வைக்காமல் தமிழில் ஒரு வரி அடித்துப் பாருங்கள், என் நிலைமை விளங்கும். ஆய்வேடு ஒப்படைக்கும் பருவம் முழுக்கக் கடை பாதி மூடியே கிடந்தது; நடு விரலால் புள்ளி வைக்கப் பழகியபோது பருவம் முடிந்துவிட்டது. முதல் மருத்துவமனையில் 6,500, அறுவைச் சிகிச்சைக்கு 92,000, பிசியோதெரபிக்கு 18,000, கடையில் போன வருமானம் குறைத்துச் சொன்னாலும் 70,000, போக்குவரத்து சில்லறை வேறு. ஆக ஏறத்தாழ 1,90,000 ரூபாய். 24,000 ரூபாய் ரம்பம் என்று நான் வாங்கியதன் உண்மையான விலை இது. பணத்தைக் காட்டிலும் என்னை வாட்டியது, இரவில் அந்த மோட்டார் ஓசை தணிகிற சத்தம் தூக்கத்தில் கேட்டு விழித்துக்கொள்வதுதான். மிக்ஸி ஓடினால்கூட எழுந்து வெளியே போய்விடுவேன். இதை வெளியே சொல்ல வெட்கப்பட்டேன். இப்போது சொல்கிறேன், ஏனென்றால் எந்திரத்தில் அடிபட்ட பலருக்கும் இது வருகிறது, சில மாதங்களில் குறைந்தும் விடுகிறது.

கை கட்டையில் இருந்த அந்த வாரங்களில்தான், விரல் பட்டால் நிற்கும் அந்த ரம்பமான சாஸ்டாப் பற்றிப் படித்தேன். ஸ்டீபன் காஸ் என்பவர் இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்ற அமெரிக்கக் காப்புரிமை வழக்கறிஞர். வீட்டில் மரவேலை செய்கிறவர். 1999-இல் அவருக்குத் தோன்றிய யோசனை இது. பிளேடில் மிகச் சிறிய மின்சமிக்ஞை ஒன்றை ஓடவிட்டால், மரம் பட்டாலும் அது பெரிதாக மாறாது. மனித உடல் பட்டால் உடல் அந்தச் சமிக்ஞையில் ஒரு பகுதியை உள்வாங்கிக்கொள்ளும். அந்த வீழ்ச்சியைக் கண்டவுடன் ஒரு மெல்லிய கம்பி எரிந்து அறுகிறது; அது பிடித்து வைத்திருந்த விசைச்சுருள் விடுபட்டு, ஓர் அலுமினியக் கட்டையைச் சுழலும் பற்களுக்குள் அடித்து இறக்குகிறது; பிளேடு நிற்பதோடு, தன் வேகத்தாலேயே மேசைக்குக் கீழே இறங்கியும் விடுகிறது. எல்லாம் 5 மில்லி விநாடிக்குள். விரலுக்குப் பதிலாகத் தொத்திறைச்சியை வைத்துக் காட்டியதோடு நிற்காமல், தன் விரலையே வைத்தும் சோதித்துக் காட்டினார். பெரிய நிறுவனங்கள் இதை எடுத்துக்கொள்ளாததால் தாமே கம்பெனி தொடங்கினார்; 2004-இல் விற்பனை தொடங்கியது; 2017-இல் ஜெர்மன் மரவேலைக் கருவி நிறுவனமான ஃபெஸ்டூலின் தாய்க்குழுமம் அதை வாங்கிக்கொண்டது. பாஷ் நிறுவனம் பிளேடைக் கெடுக்காமல் கீழே இறக்கும் ரியாக்ஸ் என்ற போட்டி ரம்பத்தைக் கொண்டுவந்தது. காப்புரிமை வழக்கில் தோற்றதால் 2017-இல் அமெரிக்காவுக்குள் அதன் இறக்குமதியே தடை செய்யப்பட்டது. நல்ல பொருள் ஒன்று விலை குறையாமல் இருபது வருடம் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

5 மில்லி விநாடி என்பதன் அருமை கணக்குப் போட்டால்தான் தெரிகிறது. சூடு பட்டால் கையை இழுக்க மனிதனுக்கு ஏறத்தாழ விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு ஆகும். அதற்குள் பிளேடு 13 சுற்றுச் சுற்றிவிடும். 40 பல் பிளேடானால் ஐந்நூறுக்கு மேற்பட்ட பற்கள் விரலைக் கடந்துபோயிருக்கும். ஆக, கவனமாக இருந்தால் போதும், கையை உடனே இழுத்துக்கொள்ளலாம் என்று சொல்பவர்களின் பேச்சில் பொருளில்லை. இதைப் படித்த அன்றைக்கே அந்த ரம்பத்தை வாங்குவது என்று உறுதி செய்தேன். அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் தன் நாட்டில் ஆண்டுக்கு ஏறத்தாழ 30,000 பேர் டேபிள் சா பிளேடில் வெட்டுப்பட்டு அவசரச் சிகிச்சைக்கு வருவதாகக் கணக்கிட்டிருப்பதையும் படித்தேன். நம் ஊரில் கணக்கு எடுத்தால் என்ன எண் வருமோ என்று அச்சமாக இருந்தது.

பிறகு நிதானமாக யோசித்தபோது ஒரு கேள்வி முளைத்தது: அந்த ரம்பம் இருந்திருந்தால் அன்று எனக்கு என்ன ஆகியிருக்கும்? வயிற்றில் பட்ட அடி அப்படியே பட்டிருக்கும். மரம் பின்னோக்கிப் பாய்வதை இந்தத் தொழில்நுட்பம் உணர்வதில்லை. தோல் பட்டால்தான் உணரும். விரல் மட்டும் தப்பியிருக்கும். அதுவும் முழுதாகத் தப்பியிருக்குமா? சாதாரணமாக மரத்தைத் தள்ளும் கை விநாடிக்கு ஓர் அடி வேகத்தில் போகிறது என்றால், 5 மில்லி விநாடியில் அது நகர்வது ஒன்றரை மில்லிமீட்டர். ஒரு பிளாஸ்திரியோடு போய்விடும். ஆனால் கிக்பேக்கில் கை தள்ளப்படுவதில்லை, எறியப்படுகிறது. விநாடிக்கு 2 மீட்டர் என்று வைத்தாலே 10 மில்லிமீட்டர் ஆகிறது. என் விரலில் வெட்டு ஏறத்தாழ அந்த ஆழம்தான். பிளேடு கீழே இறங்கிவிடுவதால் சேதம் குறைந்திருக்கும், விரல் துண்டாகும் ஆபத்து மிகவும் குறைந்திருக்கும். நாண் தப்பியிருக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. சாஸ்டாப் நிறுவனமே தன் ரம்பங்கள் அனைத்திலும் ரைவிங் நைஃப் வைத்துத்தான் விற்கிறது. விரலைக் காக்கும் எந்திரத்தைக் கண்டுபிடித்தவரே தகட்டை விட்டுவிடவில்லை என்பதைக் கண்ட பிறகு, முதல் ரம்பத்தை விற்ற கடைக்காரர் எனக்கு எதைக் கொடுக்காமல் விட்டார் என்பது முழுதாக விளங்கியது.

கை தேறிய பிறகு, கதவு வேலைக்கு வந்த எங்கள் தெரு ஆசாரி ஒருவர் அந்த மெஷினைப் பார்த்துவிட்டு, "கைவாளுக்கே நாங்க ஆப்பு வச்சுத்தான் அறுப்போம், மெஷினுக்கு வேண்டாமாக்கும்?" என்றார். உத்திரம் அறுக்கும்போது வாள் போன இடத்தில் ஆப்பைச் செருகிக்கொண்டே போவது நம் தச்சர்களின் பழைய வழக்கம். ஆப்பைப் பிடுங்கிய குரங்கின் கதையைக் கேட்டு வளராதவர்கள் நம்மில் இல்லை. ரைவிங் நைஃப் என்பது பிளேடோடு கூடவே வரும் அந்த ஆப்புத்தான்.

இனி விலைக்கு வருகிறேன். வீட்டுக்கென்று சாஸ்டாப் நிறுவனம் 2022-இல் கொண்டுவந்த சிறிய ரம்பம் அப்போது 899 டாலர், பிறகு ஏறியிருக்கிறது. 85 ரூபாய் வீதம் பார்த்தாலே 76,000-க்கு மேல். 30 கிலோவுக்கு மேல் எடை. எனவே சரக்குக் கட்டணம், சுங்க வரி, அவற்றின் மேல் ஜிஎஸ்டி. அமெரிக்க மெஷின் 120 வோல்ட்டுக்கானது, நம் வீட்டில் 230; ஆகவே 3 கேவிஏ அளவில் ஒரு டிரான்ஸ்பார்மர். அதே நிறுவனம் அமெரிக்காவில் விற்கும் பெரிய ரம்பங்களில் இருப்பது வேறு வகை மோட்டார். அவை 60 ஹெர்ட்ஸுக்கு வடிவமைத்தவை, நம் 50 ஹெர்ட்ஸில் ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடும். டிரான்ஸ்பார்மர் இதைச் சரிசெய்யாது. எல்லாம் கூட்டிப் பார்த்தால் சிறிய ரம்பமே என் கைக்கு வந்து சேர 1,60,000 ரூபாயைத் தொட்டது. இத்தனைக்கும் பிறகுகூட, அது நான் விரலுக்குக் கொடுத்ததைவிடக் குறைவு. எனவே விலை அதிகம் என்பதற்காக நான் பின்வாங்கவில்லை. அப்படிச் சொல்பவர்களிடம் என் நோட்டைக் காட்டுவேன்.

என்னைப் பின்வாங்க வைத்தது கார்ட்ரிட்ஜ். அலுமினியக் கட்டையும் மின்னணுப் பகுதியும் சேர்ந்த அந்தப் பெட்டி ஒரு தடவை இயங்கினால் தீர்ந்தது. ஏறத்தாழ 100 டாலர் கொடுத்துப் புதிது போட வேண்டும், பிளேடும் பெரும்பாலும் போய்விடும். விரல் தப்பியதற்குக் கொடுப்பதென்றால் அது ஒன்றுமே இல்லை. ஆனால் விரல் படாமலும் அது இயங்கக்கூடும். தண்ணீர் தெறிக்கும் அளவுக்கு ஈரமுள்ள பச்சை மரம், கண்ணாடிப் பூச்சுள்ள அக்ரிலிக், அலுமினியத் தாள் ஒட்டிய பலகை, மரத்தை நேராக வழிநடத்தும் ஃபென்ஸ் சட்டம்போல மறந்து பிளேடின் வழியில் வைத்துவிட்ட உலோகம் ஆகியவை அதை இயக்கிவிடும். மரத்துக்குள் புதைந்த சிறிய ஆணி வழக்கமாக இயக்காது. ஆணி மேசையையோ கையையோ தொட்டுக்கொண்டிருந்தால் இயக்கும். நான் வாங்குவதெல்லாம் இடித்த வீட்டு மரம்; கைவிரல் நீள ஆணிகளும் கீல் துண்டுகளும் இல்லாத சட்டமே கிடையாது. ஐப்பசி மழையில் மில்லிலிருந்து வரும் வேப்பம்பலகையோ பிழிந்தால் சொட்டும். இப்படிப்பட்ட மரத்துக்கென்று அந்த வசதியை நிறுத்திவிட்டு அறுக்கும் முறையும் அதில் இருக்கிறது. ஆனால் என் வேலையில் பாதியை அப்படித்தான் அறுக்க வேண்டுமென்றால் வாங்கி என்ன பயன்? எல்லாவற்றையும்விட, கார்ட்ரிட்ஜ் இல்லாமல் அந்த ரம்பம் ஓடவே ஓடாது. திருநெல்வேலி வண்ணார்பேட்டையிலிருந்து மதுரை, கோயம்புத்தூர் வரை நான் விசாரித்த கடைகளில் ஒருவரிடமும் அது இல்லை. ஒரு தடவை இயங்கினால் அடுத்த பெட்டி கடல் தாண்டி வரும்வரை 1,60,000 ரூபாய் மெஷின் சாய்ப்பில் சும்மா நிற்கும். அப்படி நிற்கும்போது, அவசரத்துக்குப் பழைய மெஷினைத் தூசி தட்டி எடுப்பவர்கள் நாம். நான் எடுக்க மாட்டேன் என்று என்னால் உறுதி சொல்ல முடியவில்லை.

ஆகவே, ரைவிங் நைஃபும் மூடியும் உள்ள, கம்பெனியில் செய்த டேபிள் சா ஒன்றை 52,000 ரூபாய்க்கு வாங்கினேன். வாங்கும்போது நான் கடையில் பார்த்தவை மூன்று. தகடு பிளேடோடு கூடவே ஏறி இறங்குகிறதா என்பது ஒன்று. தகட்டின் கனம் பிளேடின் உடல் கனத்தைவிடக் கூடுதலாகவும், அறுப்பு வாயின் அகலத்தைவிடக் குறைவாகவும் இருக்கிறதா என்பது இரண்டாவது: பிளேடின் உடல் 1.8 மில்லிமீட்டர், பல் அகலம் 2.8 என்றால் தகடு 2.2, 2.3 என்று இருக்க வேண்டும். இந்த எண்கள் பிளேடின் மேலேயே அச்சிட்டிருக்கும். விலை மலிவென்று மெல்லிய பிளேடை மாட்டினால் மரம் தகட்டில் முட்டிக்கொண்டு நிற்கும், உடனே எல்லாரும் தகட்டைக் கழற்றிவிடுவார்கள். மூன்றாவது சுவிட்ச். மின்சாரம் போய்த் திரும்ப வந்தால் தானாக ஓடாத சுவிட்ச் இருக்க வேண்டும். நம் பக்கத்தில் காற்றடித்தால் போகும் கரண்ட், நாம் பிளேடின் மேல் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது வந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. உள்ளூர் மெஷின் வைத்திருப்பவர்கள் அந்தச் சுவிட்சை மட்டும் தனியாக வாங்கி மாட்டிக்கொள்ளலாம். தகட்டையும் லேத் பட்டறையில் வெட்டி வாங்கி, பற்களிலிருந்து 3 முதல் 8 மில்லிமீட்டர் தள்ளி, பிளேடுக்கு நேர்கோட்டில் அசையாமல் மாட்டலாம். கோணல் வந்தால் அதுவே ஆபத்து என்பதால் இதை அளந்து செய்யத் தெரிந்தவரிடம்தான் கொடுக்க வேண்டும். என் பழைய மெஷினை நான் யாருக்கும் விற்கவில்லை. மோட்டாரைக் கழற்றி உப்புத்தாள் தேய்க்கும் சக்கரத்துக்கு வைத்துக்கொண்டு, மீதியை இரும்புக் கடையில் எடைக்குப் போட்டேன்.

செலவில்லாத காரியங்களையும் சொல்லிவிடுகிறேன். மரத்தின் கடைசி ஒரு சாண் நீளத்தைத் தள்ளுவதற்குக் கை கூடாது. பிளைவுட் துண்டில், மரத்தின் பின்முனையில் மாட்டும்படி குதிகால்போல ஒரு முனை விட்டு வெட்டிய தள்ளுகட்டை ஒன்று போதும், பத்து நிமிட வேலை. பிளேடு மரத்துக்கு மேல் பல் உயரத்துக்கு நீட்டிக்கொண்டிருந்தால் போதும். நீளவாக்கில் அறுக்க 24 பல் பிளேடு. 60 பல் பிளேடால் கனமான தேக்கை நீளவாக்கில் அறுத்தால் சூடேறிக் கருகும், கருகினால் கவ்வும். உடம்பு பிளேடுக்கு நேரே நிற்காமல் ஒரு பக்கம் விலகி நிற்க வேண்டும். எனக்குப் பட்ட நீலக்கோடு இது ஒன்றாலேயே தவிர்ந்திருக்கும். கையுறை போடக் கூடாது, அது பல்லில் சிக்கிக் கையையும் இழுத்துக்கொள்ளும். லுங்கி கட்டிக்கொண்டு, தோளில் துண்டோடு மெஷின் முன்னால் நிற்கும் வழக்கத்தை நான் விட்டுவிட்டேன். பிளைவுட் பலகைகளை டேபிள் சாவில் ஏற்றுவதே இல்லை. பலகையைத் தரையில் படுக்கவைத்து, வழிச்சட்டத்தின் மேல் ஓடும் கை ரம்பத்தால் அறுக்கிறேன். இரண்டு கையும் பிடியில் இருக்கும், மரம் அசையாது. இதற்கு எதிர்மாறாக, கல் அறுக்கும் நான்கங்குல மார்பிள் கட்டரில் மர பிளேடை மாட்டி, மூடியைக் கழற்றிவிட்டு, காலால் பலகையை மிதித்துக்கொண்டு அறுக்கும் வழக்கம் நம் தச்சு வேலைத் தலங்களில் சாதாரணமாகிவிட்டது. நிமிடத்துக்கு 12,000 சுற்றுக்கு மேல் ஓடும் கருவி அது. இருபதாண்டு அனுபவக்காரர் செய்கிறார் என்பதற்காக வீட்டில் நாம் செய்யக் கூடாது.

இவ்வளவும் சொன்னதால் சாஸ்டாப் வீண் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அமெரிக்காவில் இருக்கும் என் அக்காள் மகன் கராஜில் மரவேலை தொடங்கப்போவதாகச் சொன்னபோது, "யோசிக்காம அதையே வாங்குல, கார்ட்ரிட்ஜ் ரெண்டா வாங்கி வச்சுக்க" என்றுதான் சொன்னேன். அவனுக்கு அடுத்த தெருவில் உதிரிப்பாகம் கிடைக்கும், காய்ந்த மரம் கிடைக்கும். பல பேர் கை வைக்கும் பயிற்சிப் பட்டறைக்கும், கை நடுக்கம் உள்ள வயதானவர்களுக்கும் அது இங்கேயுமே தகும். ஃபெஸ்டூலின் 230 வோல்ட் ரம்பத்தில் இதே தொழில்நுட்பம் வந்திருக்கிறது; அதற்கான கார்ட்ரிட்ஜை மதுரையில் ஒரு கடைக்காரர் அலமாரியில் வைத்திருக்கத் தொடங்கினால் நான் என் முடிவை மாற்றிக்கொள்வேன். வாங்கும் எண்ணம் உள்ளவர்கள் ரம்பத்தின் விலையைக் கேட்பதற்கு முன்னால் கார்ட்ரிட்ஜ் கைவசம் இருக்கிறதா என்று கேளுங்கள். ஆர்டர் போட்டால் வரும் என்று பதில் வந்தால், எத்தனை நாளில் என்பதை எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள்.

கனத்த உத்திரங்களை நான் இப்போது வீட்டில் அறுப்பதில்லை. பேட்டைப் பக்கத்து மில்லில், பல் வைத்த பட்டை சுழன்று அறுக்கும் பேண்ட் சாவில் கொடுத்து, தேவையான கனத்துக்கு அரை விரற்கடை கூட்டி அறுத்து வாங்கிவந்து, சில வாரம் அடுக்கி வைத்து, வளைவதெல்லாம் வளைந்து முடிந்த பிறகு மீதி வேலையைச் செய்கிறேன். பேண்ட் சாவின் பட்டை மரத்தை எப்போதும் மேசையை நோக்கிக் கீழேதான் இழுக்கும். ஆளை நோக்கி எறியாது. கூலி அடிக்கணக்கு. ஆணியெல்லாம் பிடுங்கி, காந்தத்தை ஒரு தடவை ஓட்டிப் பார்த்துக் கொண்டுபோனால் அதோடு முடிந்தது. அப்படியே கொண்டுபோனால் பட்டையில் பல் போனதற்கும் சேர்த்து நம் தலையில் கட்டிவிடுவார்கள்.